பிள்ளையின் கால் திடீரெனத் துவண்டால் இரண்டு மல மாதிரிகள் ஏன்?

காய்ச்சல் வந்து போன சில நாட்களில், சில வேளை எந்த முன்னறிகுறியும் இல்லாமலே, ஒரு பிள்ளையின் காலோ கையோ பலமிழந்து துவண்டு போகலாம். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இப்படி நேர்ந்தால் வைத்தியர்கள் அதைத் திடீர் தளர்வாதம் எனப் பதிவு செய்து, சுகாதார அதிகாரிகளுக்கு உடன் அறிவிக்க வேண்டும். அடுத்து பெற்றோரிடம் பிள்ளையின் மலம் கேட்கப்படும். கால் இயங்காததற்கு மலம் எதற்கு என்று பலர் திகைக்கிறார்கள்.

போலியோ வைரஸ், என்டரோவைரஸ் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதரைத் தொற்றும் 100க்கும் மேற்பட்ட வகைகள் இக்குடும்பத்தில் உண்டு. பெரும்பாலானவை குடலில் பெருகி மலத்துடன் வெளியேறும். மிக அரிதாகவே இவை முள்ளந்தண்டு நரம்புக் கலங்களைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்கின்றன. வைரஸே இல்லாமல், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் கியான்-பாரே நோயாலும் கால் துவளலாம். எது காரணம் என்று கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது.

வைரஸ் மலத்தில் தொடர்ச்சியாக வெளிவருவதில்லை. அதனால்தான் குறைந்தது 24 மணித்தியால இடைவெளியில் இரண்டு மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. நாட்கள் செல்லச் செல்ல வைரஸின் அளவு குறைவதால், கால் துவண்டு 14 நாட்களுக்குள் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். குளிரூட்டிய பெட்டியில் அவை கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போகின்றன. அங்கு இரு வகைக் கலங்களில் வைரஸை வளர்க்கிறார்கள். ஒரு வகை, போலியோ வைரஸைப் பிடித்துக் கொள்வதற்கென்றே மாற்றியமைக்கப்பட்ட எலிக் கலம். மற்றையது பல என்டரோவைரஸ்கள் வளரக்கூடிய மனிதக் கலம். வளர்ந்த வைரஸின் மரபணுவை வாசித்தால் அது எந்த வகை என்பது தெரியும்.

வகை தெரிந்தால்தான் அடுத்த நடவடிக்கை தெரியும். போலியோ என்றால் அயலிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் அவசரமாகத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். கை, கால், வாய் நோயை உண்டாக்கும் ஏ71 வகையும் வாதத்தை ஏற்படுத்தக்கூடியது. 1975இல் பல்கேரியாவில் அது பரவியபோது முதலில் போலியோ என்றே சந்தேகிக்கப்பட்டது. 2014இல் அமெரிக்காவில் பரவிய டி68 வகை சுவாசப் பாதையில் வாழ்வது. மலத்தில் அது சிக்குவது குறைவு என்பதால் மூக்கு, தொண்டை மாதிரியும் தேவைப்படும். ஆனாலும் மலத்தில் ஒரு வைரஸ் கிடைத்தது என்பதற்காக அதுவே காரணம் என்று முடிவுகட்ட முடியாது. நலமாக இருக்கும் பிள்ளைகளிடமும் இவை காணப்படுகின்றன.

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் கண்டறியப்பட்டார். யுத்தம் நடந்த 1990களிலும் சொட்டு மருந்து நாட்களுக்காக மோதல்கள் நிறுத்தப்பட்டதை எம்மவர் பலர் நினைவில் வைத்திருப்பர். 2014 மார்ச் 27இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்த வைரஸ் இன்னும் ஓயவில்லை. ஒரு பிள்ளையின் மாதிரி தவறினாலும், மீண்டும் வந்த வைரஸ் தெரியாமலே பரவ இடமுண்டு.

இந்தப் பரிசோதனை பிள்ளையின் காலைக் குணமாக்காது. சிகிச்சை அதன் முடிவுக்காகக் காத்திருப்பதுமில்லை. அது காப்பது அயல் பிள்ளைகளை. எனவே எண்ணெய் பூசிப் பார்ப்போம், நாளை போவோம் என்று நாட்களைக் கடத்தாதீர்கள். மூச்சு விடவோ விழுங்கவோ கஷ்டப்பட்டால் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்க வேண்டாம். தடுப்பு மருந்துப் பதிவேட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். பிள்ளை தேறிவந்தாலும் இரண்டாவது மாதிரியைக் கொடுங்கள். 60 நாட்களின் பின்னர் நடக்கும் பரிசோதனைக்கும் கூட்டிச் செல்லுங்கள். முடிவு என்ன என்று வைத்தியரிடம் கேளுங்கள், அதை அறியும் உரிமை பெற்றோருக்கு உண்டு.