அவ்வாவின் கொட்டாங்குச்சி

சந்திரகிரிக் கோட்டையடியில் குடியேறி நாற்பது வருஷமாகிறது. பக்கத்துச் சீனிவாச மங்காபுரத்தில் முகூர்த்த நாளென்றால் தெருவெல்லாம் பட்டுச் சேலை. அந்தச் சரசரப்பு என்னைக் குப்பம் பக்கத்து அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்விடும். கூடத்து மூங்கில் தட்டுகளில் ஐந்தாம் பருவப் புழுக்கள் மல்பெரி இலை தின்னும் சத்தம், ஓட்டின் மேல் தூறல் விழுவதுபோல இரவெல்லாம் கேட்கும்.

மைசூர்ச் சீமையில் பட்டுப்புழுவை வேரூன்ற வைத்தவர் திப்பு சுல்தான். வங்காளத்திலிருந்து முட்டை தருவித்தார். பின்னாளில் குப்பம், பலமநேர், மதனப்பள்ளி மேட்டுநிலங்களிலும் அந்தத் தொழில் பரவியது. புழுவையும் கூட்டையும் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அந்துப்பூச்சியை யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு காலம் இருந்தது.

புழு 25 நாள் போலத் தின்று, நான்கு முறை தோலுரித்து, சந்திரிகை என்னும் மூங்கில் தட்டியில் ஏறி மூன்று நாளில் கூடு கட்டும். பூச்சி துளைத்துக்கொண்டு வந்தால் இழை அறுந்து கூடு விலைபோகாது. அதற்கு முன்பே சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் பாட்டி, அவ்வா மட்டும் கெட்டியான கூடுகளாகப் பொறுக்கி முறத்தில் வைத்துக்கொள்வாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, விடியற்காலையில், கூட்டின் முனையை நனைத்து இளக்கிக்கொண்டு பூச்சி வெளியே வரும். வெண்ணெய் நிறம். சிறகிருந்தும் பறக்காது, எதையும் தின்னாது. ஆணும் பெண்ணும் கூடியபின் பிரித்து, பெண்ணைக் காகிதத்தில் விட்டுக் கொட்டாங்குச்சியால் மூடுவாள். மறுநாள் திறந்தால் கசகசா இறைத்ததுபோல 400 முட்டைக்கு மேல் இருக்கும்.

அதில் ஆபத்தும் இருந்தது. பெப்ரின் நோய் தாய்ப்பூச்சியிலிருந்து முட்டைக்கு இறங்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. 1865-இல் பிரான்சில் லூயி பாஸ்டர் இந்த நோயை ஆராயத் தொடங்கி வழி கண்டார்: முட்டையிட்ட தாயை நசுக்கி நுண்ணோக்கியில் பார்ப்பது, நோய் தெரிந்தால் அதன் முட்டைகளை அழிப்பது. முட்டை தயாரிக்கும் வித்தகங்கள் இன்றும் நடப்பது அப்படித்தான். மைசூர் இனப் பெண்ணும் வெள்ளைக் கூட்டு இனத்து ஆணும் சேர்ந்த கலப்பின முட்டை அட்டையில் வரத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் விளைச்சல் நிலைத்தது. அவ்வாவே அதைத்தான் வாங்கச் சொன்னாள். முறம் பரண் ஏறிற்று.

பிற்பாடு ஒரு வித்தகத்துக்குள் போய்ப் பார்த்தேன். வரிசை வரிசையாகச் சின்னக் கறுப்பு மூடிகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெண்பூச்சி. அவ்வாவின் கை அங்கே இருந்ததுபோல நெஞ்சு அடைத்தது.

போன தை மாதம் மாமா மகன் பத்துக் கூடு கொடுத்தனுப்பினான். சமையலறை ஜன்னலோரம் வைத்திருந்தேன். ஒரு பெண்பூச்சியைக் கொட்டாங்குச்சிக்குள் விட்டு, மறுநாள் மெல்லத் தூக்கினேன். காகிதத்தில் இளமஞ்சள் முட்டைகள். ஓரத்தில் அது இன்னும் சிறகை நடுக்கிக்கொண்டிருந்தது.