காணித் தரகு: யாழ்ப்பாணத்தில் ஒரு தொழிலின் வரலாற்றுப் பின்னணி

காணி விற்பவரையும் வாங்குபவரையும் ஒன்றுசேர்த்து, அதற்கெனத் தரகுப் பணம் பெறுவதைத் தனித்தொழிலாக மேற்கொள்வோர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று பலராவர். ஓய்வுபெற்ற உத்தியோகத்தரும், வேலைவாய்ப்பை எதிர்பார்த்திருக்கும் இளைஞரும் இத்தொழிலிற் புதிதாகப் புகுகின்றனர். வெளித்தோற்றத்தில் முதலீடு வேண்டாத எளிய தொழிலாகவே இது காணப்படுகின்றது. ஆயினும், இங்கு கைமாறும் ஒவ்வொரு பரப்பு நிலத்தின் பின்னாலும் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுச் சட்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றை அறியாது இத்தொழிலில் இறங்குபவர் தமக்கும் பிறருக்கும் தீங்கிழைக்க நேரும். காணித் தரகர் என்பவர் எச்சூழலில் தேவையானார், அவர் இடத்தில் முன்னர் இருந்தது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், விற்கப்படும் பொருளின் இயல்பை நோக்குவோம். குடாநாட்டில் நிலம் பரப்பு, குழி என்னும் அளவுகளாற் கணிக்கப்படுகின்றது. பதினெட்டுக் குழி ஒரு பரப்பாகும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கராகும். உறுதிகளிற் காணப்படும் 'லாச்சம்' என்னும் அளவோ நிலத்தின் வகைக்கேற்ப வேறுபடும். வரகுக் கணக்கிற் பதினாறு லாச்சம் ஓர் ஏக்கராக, நெற்கணக்கில் இருபத்துநான்கு லாச்சம் ஓர் ஏக்கராகும். எனவே, வயற்காணி ஒன்றின் உறுதியில் உள்ள லாச்சத்தைத் தோட்டக்காணியின் லாச்சமாக எண்ணி விலை பேசுபவர், நிலத்தின் பரப்பளவை அரைப்பங்கு கூட்டிக் கணக்கிட்டவராவார். இதனோடு கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை, ஒழுங்கை என்பனவும் நிலத்துடன் சேர்ந்தே கைமாறுகின்றன. வற்றாத ஆறுகளற்ற குடாநாட்டிற் கிணற்றுப் பங்கில்லாத தோட்டக்காணி பெயரளவிலேயே தோட்டக்காணியாகும்.

அடுத்து, உரிமையின் இயல்பை நோக்கவேண்டும். தேசவழமை சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கின்றது. முதுசம் பெற்றோர் வழி வந்தது. சீதனம் மகளின் திருமணத்தின்போது கொடுக்கப்படுவது. தேடியதேட்டம் திருமண வாழ்வின்போது ஈட்டப்படுவது. ஒரே வளவில் தாயின் சீதனப் பங்கும் தந்தையின் தேடியதேட்டப் பங்கும் கலந்திருத்தல் கூடும். குடியிருப்பவர் ஒருவராக, உரித்தாளர் எழுவராகவும் இருத்தல் கூடும். ஆகவே, 'இது யாருடைய காணி?' என்னும் வினாவுக்கு இங்கு ஒரு சொல்லில் விடை கூறுதல் அரிது.

இவ்வழமைகள் எழுத்துருப் பெற்றது ஒல்லாந்தர் காலத்திலாகும். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், வரி அறவிடும் பொருட்டுக் காணிகளையும் குடிகளையும் தோம்புகளிற் பதிவு செய்தனர். பின்னர், தேசாதிபதி சீமொன்ஸ் 1706 இல் இட்ட கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் மக்களின் வழமைகளைத் தொகுத்து 1707 இற் சமர்ப்பித்தார். அத்தொகுப்புத் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு விடப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி தேசவழமைக்கு முழுச் சட்டவலு அளித்தது.

காணி விற்பனையைப் பொறுத்தவரையில் அத்தொகுப்பிற் காணப்படும் முக்கியமான விதி முன்கொள்வனவு உரிமை பற்றியதாகும். காணியை விற்க விரும்புபவர் தம் உரித்தாளருக்கும், பங்காளிகளுக்கும், அக்காணியை ஈடாகப் பிடித்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். அவ்வாறன்றிப் பிறத்தியாருக்கு விற்பின், மேற்கூறியோர் தமக்கே முதலிடம் வேண்டும் எனக் கோரலாம். பின்னர், விற்பனவாளர் சார்ந்த கோவிற்பற்றுத் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்தடுத்து விற்பனை அறிவிக்கப்படும் முறை ஒல்லாந்தரால் ஏற்படுத்தப்பட்டது. ஆட்சேபமோ உரிமையோ உடையவர் அக்காலத்துள் முன்வருதல் வேண்டும்.

இவ்வேற்பாட்டின் உட்பொருள் கவனிக்கத்தக்கது. காணி விற்பனை இருவருக்கிடையிலான இரகசியப் பேச்சாக அன்றி, ஊரறிந்த செயலாகவே கருதப்பட்டது. விற்பவர் யார், உரித்து எத்தகையது, ஈடு உண்டா, வழக்கு உண்டா என்னும் வினாக்களுக்கு ஊரே விடையளித்தது. இத்தகைய சூழலில் தரகர் ஒருவருக்குப் பெரிதும் இடமிருந்திராது எனக் கருதலாம். இன்று தரகர் விற்கும் சரக்கு செய்தியேயாகும். அன்று அச்செய்தி ஊரின் பொதுச்சொத்தாக இருந்தது.

எனினும், அவ்வூரொழுங்கை இலட்சிய நிலையாகப் போற்றுதல் வரலாற்றுக்கு முரணாகும். முன்கொள்வனவு உரிமை குடும்பத்தின் சொத்தைக் காத்தது. அதே வேளையிற் பிறரை வெளியே நிறுத்தியது. விற்பனை பற்றிய அவ்விதி காணி, தோட்டம் என்பவற்றோடு அடிமைகளையும் விற்பனைப் பொருளாகவே குறிப்பிடுகின்றது. இலங்கையில் அடிமைமுறை 1844 இல் ஒழிக்கப்பட்ட பின்னரும், ஒடுக்கப்பட்ட சாதியினருட் பலர் பிறர் காணிகளிலேயே குடியிருந்தனர். அவர்களிற் சிலர் பணம் தேடியபோதும், விரும்பிய இடத்திற் காணி வாங்குதல் அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது இடங்களிற் பாகுபாடு காட்டுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால், 'இன்னாருக்கு விற்கமாட்டேன்' என்று வேலிக்குட் பேசப்படும் சொல்லை அச்சட்டம் எட்டவில்லை. அச்சொல்லை வாங்குபவரிடம் மறைமுகமாகக் கொண்டு செல்பவராகத் தரகர் அமையும்போது, அவரும் அவ்வொழுங்கின் காவலராகி விடுகின்றார் என்பதை மறத்தலாகாது.

ஊரொழுங்கு தளர்ந்த வரலாறு ஆங்கிலேயர் காலத்துக்குரியது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசின் முன்னும் இரு சாட்சிகளின் முன்னும் கையொப்பமிடப்பட்ட எழுத்துறுதி இன்றி நிலையான ஆதனத்தின் விற்பனை செல்லாது என விதித்தது. இதனால், ஊரவர் வாயிலிருந்த சான்று ஏட்டுக்கு மாறியது. 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், முந்திய தேதியிட்ட உறுதியாயினும் பதியப்படாதிருப்பின், பெறுமதி கொடுத்து வாங்கி முதலிற் பதிந்த பிந்திய உறுதிக்கு வழிவிட நேர்ந்தது. காணிக் கந்தோரின் பதிவேட்டைப் பார்க்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே இதனாற் புதியதோர் ஏற்றத்தாழ்வு தோன்றியது.

இக்காலத்திலேயே குடாநாட்டின் பொருளியலும் மாற்றமடைந்தது. மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்றோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் மலாயாவுக்குச் சென்று, புகையிரத சேவையிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் அமர்ந்தனர். அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணம் காணியாகவும் கல்வீடாகவும் சீதனமாகவும் உருமாறியது. கடல்கடந்து வாழ்பவர் தாமே வேலி பார்த்து, விலை பேசி, உறுதி முடித்தல் இயலாது. அவருக்காக ஊரில் ஒருவர் நின்றே ஆகவேண்டும். தொடக்கத்தில் அவ்வொருவர் தமையனாகவோ மைத்துனராகவோ இருந்தார். உறவினர் செய்த அவ்வுதவியே காலப்போக்கிற் கூலிபெறும் தொழிலாகத் திரிந்தது எனக் கருத இடமுண்டு.

1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் இம்மாற்றத்தை மேலும் ஒருபடி முன்னெடுத்தது. அது முன்கொள்வனவு உரிமையைக் கூட்டுரிமையாளருக்கும், விற்பவர் இறுதிவிருப்பமின்றி இறப்பின் உரித்தாளராகக் கூடியவர்களுக்கும் மட்டுமே வரையறுத்தது. அயற்காணிக்காரரின் பழைய இடம் மறைந்தது. சந்தை விரிந்தது, எனினும் குடும்பத்தின் பிடி முற்றாக அறவில்லை. இன்றும் பங்குக்காணி ஒன்றை விற்கும்போது பங்காளிகளுக்கு அறிவிக்கத் தவறினால், வாங்கியவர் நீதிமன்றில் நிற்க நேரும். மேலும், 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் நிலையான ஆதனத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டியது. சீதனமாகப் பெருமளவு காணி பெண்களின் பெயரில் இருக்கும் ஒரு சமூகத்தில் இவ்விதியின் தாக்கம் சிறிதன்று. உரிமை அவளுடையது, கையொப்பம் அவனையும் வேண்டியது.

இவ்வாறு படிப்படியாக உருவான தொழிலை முற்றிலும் புதியதோர் நிலைக்குத் தள்ளியது போராகும். 1983 இன் பின் ஆயிரக்கணக்கானோர் மேல்நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தனர். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டு தொடக்கம் வலிகாமம் வடக்கில் இராணுவப் பாதுகாப்புக்கெனப் பெருநிலப்பரப்பு மக்களிடமிருந்து பிரிக்கப்பட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். எல்லைக் கதியால்கள் அழிந்தன, உறுதிகள் தொலைந்தன, எல்லையைக் காட்டவல்ல முதியோர் பலர் மறைந்தனர். இடருற்றோர் தம் வீட்டையும் காணியையும் கிடைத்த விலைக்கு விற்க நேர்ந்த சந்தர்ப்பங்களும் இருந்தன. நெருக்கடியிற் பேசப்படும் விலை விருப்பத்தினாற் பேசப்படும் விலையாகாது. அங்கு தரகர் இடரை நீக்கியவரா, இடரைப் பயன்படுத்தியவரா என்பது ஒவ்வொரு விற்பனையையும் தனித்தனியே நோக்கித் தீர்க்கவேண்டியதொன்றாகும்.

2009 மே மாதத்திற் போர் முடிவுற்றபின், உரிமையாளர் வெளிநாட்டிலும் காணி ஊரிலுமாக இருக்கும் நிலை பரவலாயிற்று. அற்றோணித் தத்துவத்தின் மூலம் விற்பனைகள் நடைபெறுகின்றன. கனடாவிலோ பிரான்சிலோ இருப்பவரின் கையொப்பம், உயிரோடு இருக்கின்றாரா என்பது முதலாகச் சோதிக்கப்படவேண்டியுள்ளது. ஏனெனில், தத்துவம் கொடுத்தவர் இறப்பின் பொதுவாக அத்தத்துவமும் முடிவுறும். மறுபுறத்தில், 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, பத்தாண்டு எதிரிடையாக ஆண்டவர் உரிமை கோர இடமிருந்தது. ஊரைவிட்டு ஓடியவருக்கு இது பேரிடராயிற்று. அதனை ஓரளவு நீக்கும் பொருட்டே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதச் செயற்பாடுகளாற் தம் உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தோருக்கு அது பாதுகாப்பளிக்க முயன்றது. இச்சட்டத்தை அறியாத தரகர், பிறர் ஆண்டுவந்த காணியை 'ஆட்சி உண்டு, பயமில்லை' என்று கூறி விற்பாராயின், வழக்கையே விற்றவராவார்.

இவ்விடத்து ஒரு முரண்பாடு நோக்கத்தக்கது. உறுதி முடிக்கும் நொத்தாரிசு சட்டத்தாற் கட்டுப்பட்டவர்; தாம் முடித்த உறுதிகளின் பிரதியைப் பேணி, இரண்டாம் பிரதியை மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பக் கடமைப்பட்டவர். நில அளவையாளரும் அனுமதி பெற்றே தொழில் செய்கின்றார். விலையைத் தீர்மானிப்பதில் அவ்விருவரிலும் கூடிய செல்வாக்குடைய தரகரோ, வரலாற்றில் வாய்ச்சொல்லாலன்றி வேறெதனாலும் கட்டுண்டவரல்லர். பிறநாடுகள் இத்தொழிலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்துள்ளன. இங்கிலாந்து 1979 இல் ஆதனமுகவர் சட்டத்தை இயற்றியது. சிங்கப்பூர் 2010 இலும் இந்தியா 2016 இலும் முகவர்கள் பதிவு செய்யப்படவேண்டும் எனச் சட்டம் செய்தன. இங்கு அத்தகைய ஒழுங்கு அமையுமாயினும், தேசவழமையின் நுட்பங்களைக் கொழும்பிற் தயாரிக்கப்படும் பொதுச்சட்டம் ஒன்று தானாகவே கற்பித்துவிடும் என எதிர்பார்த்தலாகாது.

இதுவரை கூறியவற்றால் ஓருண்மை புலப்படும். தேவாலயத்தில் மூன்று ஞாயிறுகள் ஒலித்த அறிவித்தலின் வேலையை இன்று தனியொருவர் செய்கின்றார். அறிவித்தல் எல்லோருக்கும் ஒரேவகையாக ஒலித்தது. தரகர் விற்பவருக்கு ஒன்றும் வாங்குபவருக்கு வேறொன்றும் கூறலாம். இருபக்கமும் தரகு பெறும்போது இவ்விடர் பெருகுகின்றது. ஆகவே, புதிதாக இத்தொழிலை மேற்கொள்பவர் முதலிற் தேடவேண்டியது வாங்குபவரை அன்று. உறுதியின் முந்திய தொடரையும், பங்காளிகளின் பெயர்களையும், கிணற்றின் பங்கையும், இடம்பெயர்ந்தோரின் உரித்தையுமாகும். அவற்றை இருபக்கத்தாருக்கும் ஒருங்கே வெளிப்படுத்துபவர், ஊர் இழந்துவிட்ட பழைய பகிரங்கத்தன்மையை மீட்டளிப்பவராவார். அதேவேளை, பழைய ஊர் யாரை வெளியே நிறுத்தியதோ அவருக்கும் வாயிலைத் திறந்துவிடுவாராயின், ஊரொழுங்கு செய்யத் தவறியதையும் அவர் செய்தவராவார். இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறுமிடத்து, காணித் தரகு வெறும் பிழைப்பாக அன்றி, சமூகத்துக்குப் பயன்தரும் தொழிலாக மதிக்கப்படும் என்பதில் ஐயமில்லை.