விருப்பாச்சியில் வளர்ந்த இளவரசி

வேலு நாச்சியார் என்று சொன்னால் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட மூச்சு விடாமல் கதை சொல்வார்கள். 2008-ல் அவருக்குத் தபால்தலையும் வந்துவிட்டது. ஆனால் அவருடைய மகள் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். வெள்ளச்சி நாச்சியார். தகப்பனைப் பறிகொடுத்து, பிறந்த ஊரை விட்டு ஓடி, எட்டு வருடம் இன்னொரு பாளையக்காரரின் நிழலில் மறைந்து வளர்ந்த பெண். தாயைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறவர்கள் இந்தப் பெண்ணுக்கு ஒரு வரி ஒதுக்குவதோடு சரி. அதனால் இந்த முறை அவரை நடுவில் வைத்துக் கதையைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் 1772-க்குப் போவோம். சிவகங்கைச் சீமையை ஆண்டவர் முத்து வடுகநாதப் பெரிய உடையத் தேவர். இராமநாதபுரம் சேதுபதியின் மகளான வேலு நாச்சியாரை 1746-ல் மணந்தவர். ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு அப்போது கழுத்து மட்டும் கடன். தன் சண்டைகளுக்கெல்லாம் கும்பெனியின் பட்டாளத்தை வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையைக் கட்ட வெள்ளைக்காரத் துரைமார்களிடமே வட்டிக்கு வாங்கி, அந்த வட்டியைக் கட்டப் பாளையங்களைப் பிழிந்துகொண்டிருந்தார். இந்தக் கடன் விவகாரம் பின்னால் 1785-ல் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் மணிக்கணக்காகப் பேசுகிற அளவுக்கு நாறியது. மறவர் சீமைகள் இரண்டும் கப்பம் கட்டவில்லை என்பதுதான் படையெடுப்புக்குச் சொல்லப்பட்ட காரணம்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் இராமநாதபுரம் கோட்டை விழுந்தது. சிறுவனாக இருந்த முத்துராமலிங்க சேதுபதியையும் அவர் தாயாரையும் பிடித்துத் திருச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்தது சிவகங்கை. கிழக்கிலிருந்து ஜோசப் ஸ்மித்தின் படை, மேற்கிலிருந்து பான்ஜோர் என்பவரின் படை. மன்னர் காளையார்கோயிலில் இருந்தார். சிவகங்கையிலிருந்து கிழக்கே பதினெட்டு கிலோமீட்டர் போல இருக்கும். இன்று பேருந்தில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அன்று அதைச் சுற்றிலும் அடர்ந்த காடு. பாதைகளில் மரங்களை வெட்டிப் போட்டு, பள்ளம் பறித்து, அந்தக் காட்டையே கோட்டையாக ஆக்கி வைத்திருந்தார்கள். அப்படியும் ஜூன் 25-ந் தேதி மன்னர் அங்கே கொல்லப்பட்டார். அவரோடு இளைய ராணி கௌரி நாச்சியாரும் மாண்டதாக வழிவழியாகச் சொல்கிறார்கள்.

இது போரா, கொலையா? நான் முப்பது வருடம் நீதிமன்ற அலுவலகத்தில் வழக்குக் கட்டுகளோடு குப்பை கொட்டியவன். அதனால் இந்தக் கேள்வி எனக்கு முதலில் வந்து நிற்கும். சமாதானப் பேச்சு நடக்கிறது என்று நம்பி மன்னர் தரப்பு காவலைத் தளர்த்தியிருந்தது, அந்த நேரத்தில் பான்ஜோர் உள்ளே புகுந்துவிட்டார் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். இன்னொரு படைத்தலைவரின் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை என்பது அவருக்காகச் சொல்லப்படும் சமாதானம். ‘தகவல் வந்து சேரவில்லை’ என்ற பதிலை எத்தனை கட்டுகளில் பார்த்திருப்பேன்! பேச்சு நடக்கும்போது கொன்றிருந்தால் என் கணக்கில் அது கொலைதான். அந்த மகளின் கணக்கிலும் அப்படித்தானே இருந்திருக்கும்?

அன்று தாயும் மகளும் காளையார்கோயிலில் இல்லை, கொல்லங்குடியில் இருந்தார்கள் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. செய்தி வந்தபோது ராணி உடன்கட்டை ஏறப் போனதாகவும், பிரதானி தாண்டவராய பிள்ளைதான் மகளைக் காட்டித் தடுத்ததாகவும் சொல்வார்கள். இதற்குச் சாட்சி கேட்டால் என்னிடம் கிடையாது. ஆனால் வாரிசு என்று மிஞ்சியது அந்த ஒரு பெண் பிள்ளைதான். அவள் நவாபின் கையில் சிக்கினால் திருச்சியில் இன்னொரு கைதி கூடுவார், சிவகங்கையின் உரிமை அதோடு முடிந்துவிடும். பிரதானி கணக்குத் தெரிந்த மனிதர். மருது சகோதரர்கள் துணைக்கு வர, தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு மேற்கே கிளம்பினார்கள். சிவகங்கைக்கு நவாப் ‘உசேன் நகர்’ என்று புதுப் பெயர் வைத்தார்.

போய்ச் சேர்ந்த இடம் விருப்பாச்சி. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது. மலை வாழைப்பழத்தால் இன்று அந்தப் பெயர் தெரிந்தவர்கள் அதிகம். இன்றைய சாலைக் கணக்கிலேயே சிவகங்கையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். பெண்டுபிள்ளைகளோடு, எதிரிப் படை நடமாடும் நாட்டில், அந்தத் தூரத்தை எப்படிக் கடந்தார்களோ! விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். அவர் வேறு சாதி, வேறு மொழி பேசுகிற வீடு. கொடுத்தால் நவாபின் பகையும் கும்பெனியின் பகையும் சேர்ந்து வரும் என்று தெரியாதவரும் இல்லை. இதே கோபால நாயக்கரைத்தான் 1801-ல் கும்பெனி தூக்கில் போட்டது. அது வேறு போராட்டம். ஆனால் மனிதரின் குணம் 1772-லேயே தெரிந்துவிட்டது.

விருப்பாச்சியைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் திண்டுக்கல். அந்தக் கோட்டை மைசூர்க்காரர்கள் வசம் இருந்தது. நவாபின் ஆட்கள் அங்கே கை வைக்க யோசிப்பார்கள். 1772 டிசம்பர் 8-ந் தேதி தாண்டவராய பிள்ளை ராணியின் சார்பில் ஹைதர் அலிக்கு ஒரு கடிதம் எழுதினார். 5,000 குதிரைப்படையும் 5,000 காலாட்படையும் கேட்டார்.

அந்தக் கடிதத்தை நான் ஒரு பிராதாகத்தான் பார்க்கிறேன். வேறு எங்கே போய் மனுக் கொடுப்பது? சென்னையில் மேயர் நீதிமன்றம் என்று ஒன்று இருந்தது, அது பட்டணத்துக்குள் நடக்கும் வழக்குகளுக்கு. நவாபிடம் போகலாம் என்றால் அவர்தான் முதல் எதிரி. கும்பெனி கவர்னரிடம் போகலாம் என்றால் அவர் இரண்டாம் எதிரி. தகப்பனைக் கொன்றவனே நீதிபதியின் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தால், அந்த நாற்காலிக்குப் பயப்படாத இன்னொருவனைத் தேடித்தான் போக வேண்டும். அப்படித் தென்னாட்டில் இருந்தவர் ஹைதர் ஒருவர்தான்.

ஆனால் ஹைதருக்கு அப்போது தன் வீட்டிலேயே தீ. மராட்டியர்கள் மைசூரைப் புரட்டி எடுத்திருந்தார்கள். 1769-ல் சென்னையில் செய்த உடன்படிக்கைப்படி கும்பெனி அவருக்கு உதவிக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. இதை அவர் மறக்கவே இல்லை. காளையார்கோயிலுக்குப் படை நடத்திய ஜோசப் ஸ்மித்தும் ஹைதருக்குப் பழைய ஆள், முதல் மைசூர்ப் போரில் எதிரெதிரே நின்றவர்கள். ஆக ஹைதருக்குக் கோபம் இருந்தது, அன்றைக்குக் கையில் உபரிப் படை இல்லை. அடைக்கலமும் ஆதரவும் கிடைத்தன. படை வரவில்லை. வாய்தா விழுந்துகொண்டே இருந்தது.

இந்த வருடங்கள்தான் வெள்ளச்சியின் வளரும் பருவம். மற்ற புத்தகங்கள் இதை ‘எட்டாண்டு கழித்து’ என்று இரண்டு சொல்லில் தாண்டிப் போகின்றன. எனக்கு அங்கேதான் கால் நிற்கிறது. வழக்கு நடத்தும் குடும்பத்தின் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீதிமன்ற வராந்தாவில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரும் சிறுமி, கண் முன்னாலேயே தாவணி போட்டு, கல்யாணமாகி, கைக்குழந்தையோடு வந்து நிற்பாள். வழக்கு அதே இடத்தில் இருக்கும். வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னாலும் பேச்சு வழக்கைப் பற்றித்தான். விருப்பாச்சியிலும் வேறு என்ன பேசியிருப்பார்கள்? வழி காட்டிக் கூட்டி வந்த தாண்டவராய பிள்ளை அதிக நாள் இருக்கவில்லை, ஊர் திரும்பாமலே போய்ச் சேர்ந்தார். திண்டுக்கல்லில் இருந்து ஆள் வரும், போகும். மருதுகள் சிவகங்கைப் பக்கம் போய் ஆள் சேர்த்துத் திரும்புவார்கள். இந்தப் பெண் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே பெரியவளானாள்.

1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு கர்நாடகத்துக்குள் இறங்கினார். செப்டம்பர் 10-ல் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையே அழிந்தது. நவாபுக்கும் கும்பெனிக்கும் சென்னையைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. சிவகங்கையை யார் பார்ப்பது? அந்தச் சமயத்தில்தான் வேலு நாச்சியாரும் மருதுகளும் மைசூர்ப் படை உதவியோடு சீமையை மீட்டார்கள். குயிலி தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்த கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள், திரும்பச் சொல்லவில்லை. கொல்லங்குடியில் உடையாளுக்குக் கோயில் இருக்கிறது. எங்கே போனார்கள் என்று காட்டிக் கொடுக்க மறுத்து வெட்டுப்பட்ட பெண் என்று அங்கே சொல்வார்கள். இளவரசி உயிரோடு விருப்பாச்சி போய்ச் சேர்ந்ததில் அந்தப் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று நம்பி விளக்கேற்றுகிறார்கள். அதில் தப்பென்ன?

சரி, நாடு கிடைத்தது. நீதி கிடைத்ததா?

பான்ஜோரையோ ஸ்மித்தையோ யாரும் கூண்டில் ஏற்றவில்லை. நவாப் முகமது அலி 1795 வரை நவாபாகவே இருந்து, வயதாகிச் செத்தார். 1783-லேயே கர்னல் ஃபுல்லர்ட்டன் கப்பப் பாக்கி கேட்டுப் பட்டாளத்தோடு சிவகங்கைக்கு வந்துவிட்டார். 1792 உடன்படிக்கையில் பாளையங்களின் கப்பத்தை வசூலிக்கும் உரிமையே நவாபிடமிருந்து கும்பெனிக்குப் போனது. தகப்பனைக் கொன்ற கைக்கே மகள் வீட்டிலிருந்து பணம் போனது என்றுதான் சொல்ல வேண்டும்.

வெள்ளச்சி நாச்சியாரை வேங்கன் பெரிய உடையத் தேவருக்கு மணம் முடித்தார்கள். ஆட்சிப் பொறுப்பும் அவரிடம் வந்தது. உரிமை யார் வழியாக வந்தது என்று பார்த்தால் வெள்ளச்சி வழியாக, பட்டத்துப் பெயர் மட்டும் மாப்பிள்ளைக்கு. நம் வீடுகளில் இன்றும் நடப்பதுதானே! அதிகாரம் என்னவோ மருதுகள் கையில் இருந்தது. வெள்ளச்சி தாய்க்கு முன்பே கண்ணை மூடினார். வேலு நாச்சியார் 1796 டிசம்பர் 25-ல் காலமானார். கட்டியவனைக் காளையார்கோயிலில் கொடுத்து, எந்தப் பிள்ளைக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு அலைந்தாரோ அந்தப் பிள்ளையையும் கொடுத்த பிறகு அவர் இருந்த நாட்களை நினைத்தால், தபால்தலையில் வாளோடு நிற்கும் முகம் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

1801-ல் மருதுகளைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள். வேங்கன் பெரிய உடையத் தேவரை 1802-ல் கப்பலேற்றிக் கடல் கடத்தினார்கள், திரும்பவில்லை. கும்பெனி படமாத்தூர் கௌரி வல்லபரை ஜமீன்தாராக உட்கார வைத்தது. அதே 1801-ல்தான் சென்னையில் சுப்ரீம் கோர்ட் திறந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அந்தக் கௌரி வல்லபர் 1829-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அண்ணன் மக்கள் ஜமீனை எடுத்துக்கொண்டார்கள். மனைவி அங்கமுத்து நாச்சியார் வழக்குப் போட்டார். அவர் காலத்தில் முடியவில்லை. பிறகு மகள் கட்டம நாச்சியார் கையில் எடுத்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோனார். குடும்பம் பிரியாமல் இருந்தாலும் ஜமீன் கௌரி வல்லபரின் சொந்தச் சம்பாத்தியம், ஆகவே அது அண்ணன் மக்களுக்குப் போகாது, மகளுக்குத்தான் என்று 1863-ல் தீர்ப்பு. இந்து வாரிசுச் சட்டம் படித்தவர்களுக்குச் ‘சிவகங்கை வழக்கு’ என்றால் இதுதான். நாங்கள் அலுவலகத்தில் வக்கீல்கள் வாயால் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறோம், அதற்கு முன்னால் சிவகங்கையில் இன்னொரு மகள் இருந்தாள் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.