ஏற்காட்டு மிளகுக்கும் பிரெக்ஸிட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சேர்வராயன் மலையில் காபிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக் கொடி ஏறுகிறது. காபி விலை இறங்கினால் தோட்டக்காரர்களுக்குக் கைகொடுப்பது இந்த மிளகுதான். ஆனா அதன் விலை ஏற்காட்டில் மட்டும் முடிவாவதில்லை.

எந்த ஒப்பந்தம்?

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் 'ஆசியான்' கூட்டமைப்புடன் இந்தியா 2009 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டது. மிளகு மீதான இறக்குமதி வரியை 70 சதவீதத்திலிருந்து 50 ஆகவும், காபி வரியை 100-லிருந்து 45 ஆகவும் 2019 இறுதிக்குள் படிப்படியாகக் குறைக்க இந்தியா சம்மதித்தது. மிளகு உற்பத்தியில் உலகில் முதலிடத்தில் இருக்கும் வியட்நாமும் ஆசியானில்தான் இருக்கிறது.

எதிர்ப்பு இருந்ததா?

இருந்தது. 2009 அக்டோபர் 2-ல் கேரளாவில் இடதுசாரிகள் மனிதச் சங்கிலி நடத்தினார்கள். மலிவு மிளகைத் தடுக்க, 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என குறைந்தபட்ச இறக்குமதி விலையை மத்திய அரசு நிர்ணயித்தது. 2019 நவம்பரில் 'ஆர்செப்' என்ற இன்னும் பெரிய வர்த்தகக் கூட்டணியில் சேராமல் இந்தியா விலகியது.

ஓட்டுப் போட்டு வெளியேற முடியுமா?

பிரிட்டனில் முடிந்தது. 2016 ஜூன் 23 பொது வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகச் சொன்னார்கள். இந்தியா ஆசியானில் உறுப்பினரே இல்லை, ஒப்பந்தக் கூட்டாளி மட்டும்தான். இங்கே இதற்கெல்லாம் பொது வாக்கெடுப்பும் கிடையாது. ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதலும் கட்டாயமில்லை.

அப்போ ஏற்காட்டு வாக்காளருக்கு என்ன வழி?

கள்ளக்குறிச்சி எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டுதான். ரோடு, தண்ணி, வேலை எல்லாத்துக்கும் சேர்த்துப் போடும் அந்த ஒரே ஓட்டில்தான் மிளகு வரியும் அடங்கணும்.