ஷொக் மேல் மவுண்ட்: படுவான்கரைக்கு எது பொருந்தும்?

மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை வாவியைப் ‘பாதை’யில் ஏறித்தான் கடந்தோம். இன்று படுவான்கரையிலிருந்து நோயாளியை ஏற்றிய கார் நேரே போதனா வைத்தியசாலைக்கு ஓடுகிறது. ஆனால் உள்ளூரில் இன்னும் கிரவல் வீதிகள் உண்டு. அங்கே முன்பக்கம் ‘டக் டக்’ என்று தட்டினால் பலரும் ஷொக் அப்சோர்பரையே மாற்றுகிறார்கள். பழுது பல வேளைகளில் அதன் தலையிலுள்ள மவுண்டில்தான்.

சிறிய ஜப்பானியக் கார்களில் முன் ஷொக்கைக் காரின் உடலோடு பிணைப்பது இதுவே: ஓர் இரும்புத் தட்டு, ரப்பர், பெயாரிங். குழியின் அடியை ரப்பர் வாங்கும். ஸ்ரியரிங் திரும்ப பெயாரிங் இடம்கொடுக்கும். பொனட்டைத் திறந்து மவுண்டின் தலையில் கை வையுங்கள், இன்னொருவர் ஸ்ரியரிங்கைத் திருப்பட்டும். சொரசொரப்போ குதிப்போ தெரிந்தால் பெயாரிங் முடிந்துவிட்டது.

ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் ரப்பரை நீக்கி, உருண்டை மூட்டு வைத்த இரும்பு மவுண்டைப் போடுவார்கள். ஸ்ரியரிங் கூர்மையாகும், சிலவற்றில் சக்கரத்தின் சாய்வையும் மாற்றலாம். ஓட்டப்பந்தயத் திடலுக்கு அது சரி. கிரவலிலோ ஒவ்வோர் அடியும் நேரே உடலுக்கு ஏறும், பின் சீட்டில் படுத்திருப்பவருக்கும்தான். தூசியும் உப்புக்காற்றும் புகுந்தால் மூட்டும் வேகமாகத் தேயும்.

2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. பழைய கார்களையே வைத்திருப்பவர்களுக்கு நல்ல ‘அப்கிரேட்’, புதிய ரப்பர் மவுண்ட்தான். பெயாரிங்குடன், இரு பக்கமும் ஒன்றாக. கழற்றி விற்கும் பழையதில் ரப்பரின் வயது தெரியாது.

ஒன்று மட்டும்: ஸ்பிரிங்கை அதற்குரிய கருவியால் அமுக்கிப் பிடிக்காமல் நடு நட்டைத் தொடவே வேண்டாம். தெறித்தால் உயிரே போகலாம்.