உள்ளூர் நெருக்கடிக் குழு

தொழிற்பகுதிகளில் நேரும் ரசாயன விபத்துகளைச் சமாளிக்கத் திட்டமிடும் சட்டபூர்வக் குழு. 1984 போபால் நச்சுவாயுக் கசிவின் விளைவாக வந்த சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986இன் கீழ் வகுக்கப்பட்ட ரசாயன விபத்துகள் விதிகள், 1996 இதற்கு அடிப்படை. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதே போன்ற குழுக்களை உருவாக்கியது.

மத்திய, மாநில, மாவட்டக் குழுக்களுக்குக் கீழே அமையும் இக்குழுவுக்கு உட்கோட்ட நடுவர் தலைவர். தொழிற்சாலை ஆய்வாளர் செயலர். தீயணைப்பு, காவல், சுகாதார அலுவலர்களோடு ஆலைப் பிரதிநிதிகள், ரசாயனம் ஏற்றிச்செல்லும் போக்குவரத்தாளர்கள், மருத்துவர்கள், ஊர்த் தலைவர் ஆகியோரும் உண்டு. உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியருக்கும் இடமளித்திருப்பது விதியின் நல்ல அம்சம். வதந்தியும் ஒரு விபத்துதானே. மாதம் ஒரு கூட்டம், 6 மாதத்துக்கு ஒரு முழு அளவிலான ஒத்திகை கட்டாயம்.

இக்குழுக்களின் எல்லை எங்கே முடிகிறது என்பதற்கு ஐதராபாத் ஓர் எடுத்துக்காட்டு. அங்குள்ள கச்சிபௌலி பகுதி கணினி நிறுவனங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்பெற்றது. ஆனால் அதைத் தொட்டுச் செல்லும் 158 கி.மீ. வெளிவட்டச் சாலை, மருந்து, ரசாயன ஆலைகள் நிறைந்த பட்டான்சேருவையும் இணைக்கிறது. பட்டான்சேருவுக்கு அருகே பாசமைலாரத்தில் 30 ஜூன் 2025 அன்று மருந்து மூலப்பொருள் ஆலை வெடித்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நெருக்கடிக் குழுக்கள் தொழிற்பகுதிகளை மையமாக வைத்தே அமைகின்றன. ரசாயன டேங்கர் லாரிகளோ குடியிருப்புகளை ஒட்டியும் ஓடுகின்றன.