திமிங்கலமும் அம்மாவின் 640 ரூபாயும்

ட்விட்டரில் ஒரு திமிங்கலம் வருமே, ஞாபகம் இருக்கா மக்களே? கூட்டம் தாங்காமல் தளம் படுத்தால், சின்னக் குருவிகள் திமிங்கலத்தைத் தூக்கிப் பறக்கும். வரைந்தவர் யீயிங் லூ. வெளிநாட்டு நண்பருக்குப் பிறந்தநாள் வாழ்த்தாக வரைந்தாராம். நம்ம கேஸ்தான்! 2010 உலகக்கோப்பைக் கால்பந்து சமயத்தில் அடிக்கடி காட்சி தந்தது. 'ரூபி ஆன் ரெயில்ஸ்' அடித்தளத்தை மெல்ல மாற்றினார்கள். 2013-ல் திமிங்கலத்துக்கு ஓய்வு.

நம்ம ஐஆர்சிடிசி 2002-ல் வந்தது. அங்கே படமெல்லாம் கிடையாது, 'சர்வீஸ் அன்அவெய்லபிள்' என்று மொட்டையாய் ஒரு வரி. 2014 ஆகஸ்டில் புது மென்பொருள் போட்டு, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பதை 7,200 ஆக்கினார்கள். பாலக்காட்டுக்கு ஏசி தட்கல் எடுக்க, இங்கே மஸ்கட்டில் காலை 8.30-க்கே உட்காரணும் :-)

படம் போட்டால் கோபம் குறையும், வாஸ்தவம்தான். ஆனால் பணம் போன இடத்தில்?

கொழிஞ்சாம்பாறையில் அம்மா மளிகைக் கடையில் போனில் 640 ரூபாய் கட்டினார். கணக்கில் கழிந்தது, கடைக்குப் போகவில்லை. திரையில் அழுகிற பொம்மை. தான்தான் தப்பாய் அமுக்கிவிட்டோம் என்று பயந்து, மறுபடி ரொக்கமாய்க் கொடுத்துவிட்டு மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே விதி போட்டிருக்கிறது. யுபிஐ-யில் கடைக்குக் கட்டி இப்படி ஆனால், அன்றிலிருந்து 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்பணும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய், புகார் கொடுக்காமலே. ஊருக்குப் பேசும்போது பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

நாலாம் நாள் 640 வந்துவிட்டது. "அந்தப் பொம்மை எதுக்குடா அழுதுச்சு?" என்கிறார் அம்மா.